சுவரே ரிமைண்டர்: உத்திரமேரூர் மண்டபத்துல இருந்து உங்க ஃபோன் வரைக்கும்

இது பேச்சு வடிவத்துல வந்த எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளை வெட்டியிருக்கோம், மத்தபடி அப்படியேதான் இருக்கு.

இன்னைக்குப் பேசப்போறது ரொம்ப சின்ன விஷயம் மாதிரி தெரியும். உங்க ஃபோன்ல "இந்த இடத்துக்குப் போனா ஞாபகப்படுத்து"ன்னு ஒரு வசதி இருக்கு. மெடிக்கல் ஷாப் பக்கம் போனா அப்பாவோட பிரஷர் மாத்திரை. ஊருக்குப் போய் இறங்கினா பட்டா நகல். ஆபீஸை விட்டுக் கிளம்பினா சார்ஜர். நேரம் வெச்சு அடிக்கிற அலாரம் இல்ல இது, இடம் வெச்சு அடிக்கிறது.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல்ல பிடிச்சுக்கணும். சாயங்காலம் 6 மணிக்கு "மாத்திரை வாங்கு"ன்னு ஃபோன் கத்துது. அப்போ நீங்க மீட்டிங்ல இருக்கீங்க. ஸ்வைப் பண்ணி தள்ளிடுவீங்க. ராத்திரி 9 மணிக்கு கடை வாசல் வழியாவே நடந்து போவீங்க, ஞாபகம் வராது. மறதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யுது. விஷயம் தலையை விட்டுப் போறதில்ல. செய்ய முடியற இடத்துல நிக்கும்போது மேல வரமாட்டேங்குது, அவ்வளவுதான்.

அதனால "எப்போ ஞாபகப்படுத்தணும்" அப்படிங்கறதை விட "எங்க நிக்கும்போது ஞாபகப்படுத்தணும்" அப்படிங்கற கேள்விதான் பெருசு. இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுல 1100 வருஷம் முன்னாடியே ஒரு ஊர் கல்லுல பதில் எழுதி வெச்சிருக்கு. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு மண்டபம்

சென்னையில இருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசின்னு எந்தப் பக்கத்துல இருந்தும் பஸ் இருக்கு. சுத்திலும் நெல் வயலும் ஏரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே வைகுண்டப் பெருமாள் கோயில். இப்போ தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. கோயில்னு சொன்னாலும், நமக்கு முக்கியம் அதோட மண்டபம்தான். ஊர்ச் சபை கூடின இடம் அது.

ஊரோட பழைய பேர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்துல பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அதை நிர்வாகம் பண்ணது சபை. அந்த மண்டபச் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு அவனோட 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. இன்னொண்ணு 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஸ்கூல்ல நீங்க படிச்ச குடவோலை முறை இதுதான். வெங்கையா மாதிரியான கல்வெட்டு அறிஞர்கள் 1898 வாக்குல படியெடுத்து, 1900களோட ஆரம்பத்துல விரிவா வெளியிட்டாங்க. அப்புறம் நீலகண்ட சாஸ்திரி இந்தச் சபையைப் பத்தித் தனியாவே ஆராய்ஞ்சு எழுதினார்.

"உலகத்தோட முதல் ஜனநாயகம்"னு ஆரம்பிக்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். அந்த விவாதத்துக்குப் பிறகு வர்றேன். இப்போதைக்கு என் கேள்வி வேற. இவ்வளவு நீளமான விதிமுறையை ஏன் அந்தச் சுவர்லயே வெட்டினாங்க?

சுவர்ல என்னதான் இருக்கு

நான் சாஃப்ட்வேர் எழுதறவன். அந்தக் கல்வெட்டோட மொழிபெயர்ப்பைப் படிச்சப்போ எனக்கு அது இலக்கியம் மாதிரி தெரியல, கோட் மாதிரி தெரிஞ்சது. இப்படி இருந்தா இது, இல்லன்னா அது. வரிசையா நிபந்தனைகள்.

ஊர் 30 குடும்பு. குடும்புன்னா இன்னைக்கு வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி இருக்கறவங்க பேரை ஓலையில எழுதணும். தகுதி என்ன? வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். பிற்காலத் தஞ்சாவூர்க் கணக்குப்படி அது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும். வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ. வேதம் படிச்சிருக்கணும். படிப்பு இன்னும் அதிகமா இருந்தா அரைக்கால் வேலி நிலம் போதும்.

அப்புறம் யார் வரக்கூடாதுன்னு ஒரு பட்டியல். கடந்த 3 வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவங்க வரக்கூடாது. அடுத்தவங்க பொருளைத் திருடினவங்க வரக்கூடாது. பெரும்பாவம்னு அந்தக் காலத்துல நினைச்சதைச் செஞ்சவங்க வரக்கூடாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாம போனவர் திரும்ப வர முடியாது. அவர் மட்டும் இல்ல. அவரோட அப்பா, பிள்ளை, கூடப் பிறந்தவங்க, மாமனார், மச்சான், மருமகன், சகோதரி பிள்ளைங்க, பெரியம்மா சின்னம்மா பிள்ளைங்க, அத்தை மாமன் பிள்ளைங்கன்னு உறவு உறவா எண்ணி எழுதியிருக்காங்க. ஒரு ஆள் கணக்குக் கொடுக்கலன்னா மொத்த சொந்தமும் பட்டியலை விட்டு வெளிய.

இதை யோசிச்சுப் பாருங்க. "கணக்கு முடிச்சாச்சா மாப்ள?"ன்னு அந்த ஆளுக்கு ஞாபகப்படுத்த எத்தனை பேர் காத்திருந்திருப்பாங்க! வீட்டு விசேஷத்துக்குப் போனா மாமனார் கேட்பார். வயலுக்குப் போனா மச்சான் கேட்பான். கணக்கு கொடுக்க வேண்டிய கடமையை ஊர் ஒருத்தர் தலையில மட்டும் வைக்கல. அவரைச் சுத்தி இருக்கற எல்லார் நலன்லயும் கட்டி வெச்சிருக்கு.

அடுத்து குலுக்கல். சின்னவங்க பெரியவங்க எல்லாம் சேர்ந்த மகாசபையை உள்மண்டபத்துல கூட்டணும். அன்னைக்கு ஊர்ல இருக்கற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம அங்க இருக்கணும். அதுல வயசுல மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லார் கண்ணுக்கும் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு குடும்போட ஓலைக்கட்டை எடுக்கணும். அதை இன்னொரு குடத்துல போட்டுக் குலுக்கி, அவனே ஒரு ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில கொடுக்கணும். மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். வாசிக்கணும். அங்க இருக்கற நம்பிமார் எல்லாரும் அதையே வாசிக்கணும். அப்புறம்தான் பேரை எழுதணும்.

அஞ்சு விரல் விரிச்சு. இவ்வளவு நுணுக்கமா ஏன் எழுதணும்? கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வெச்சு மாத்திடக்கூடாதுன்னுதான். எங்கேயோ ஒரு தடவை யாரோ மாத்தியிருப்பாங்கன்னு நான் ஊகிக்கிறேன். ஒரு பக் வந்த பிறகுதான் அந்த மாதிரி ஒரு லைன் கோட்ல சேரும்.

இப்படி 30 பேர். அதுல படிப்பும் வயசும் கூடின, முன்னாடி தோட்ட வாரியம், ஏரி வாரியம் பார்த்த அனுபவம் இருக்கற 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம்னு வேற ரெண்டுக்கும் தனியா குலுக்கல். பதவிக்காலம் 360 நாள். நடுவுல தப்புப் பண்ணினவரை அப்பவே எடுத்துடலாம்.

919ல எழுதினதுக்கும் 921ல எழுதினதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதல்ல வயசு வரம்பு 30ல இருந்து 60. ரெண்டே வருஷத்துல அது 35ல இருந்து 70ன்னு மாறிடுச்சு. பழைய விதியை அழிக்கல. அதுவும் சுவர்ல இருக்கு, புதுசும் சுவர்ல இருக்கு. வெர்ஷன் ஹிஸ்டரியைக் கல்லுல பார்க்கணும்னா இங்க போங்க.

ஏன் அந்தச் சுவர்?

அந்தக் காலத்துல முக்கியமான ஆவணம் எழுத இன்னொரு வழி இருந்தது, செப்பேடு. அதை ஒரு கைக்குள்ள, ஒரு பெட்டிக்குள்ள பத்திரமா வைக்கலாம். நிலம் வாங்கினவர் உரிமைக்குச் சாட்சியா வெச்சுக்குவார். தேவைப்படும்போது எடுத்துக் காட்டுவார்.

உத்திரமேரூர் சபை எழுதினது அந்த மாதிரி உரிமைப் பத்திரம் இல்ல. அது நடைமுறை. நடைமுறையைப் பெட்டிக்குள்ள பூட்டினா பிரயோஜனம் இல்ல. குலுக்கல் நடக்கற நிமிஷத்துல, குலுக்கல் நடக்கற இடத்துல, அத்தனை பேர் கண்ணு முன்னாடி இருந்தாத்தான் அது வேலை செய்யும். மத்தியஸ்தன் விரலை மடக்கினா யாராவது ஒருத்தர் சுவரைக் கை காட்டலாம். "நீங்க மூணு வருஷம் முன்னாடிதானே வாரியத்துல இருந்தீங்க?"ன்னு கேட்கறவனுக்கு முதுகுக்குப் பின்னாடியே ஆதாரம் இருக்கு.

அதாவது அந்தச் சுவர் ஒரு ஜியோஃபென்ஸ். மண்டபத்துக்குள்ள கால் வெச்சா விதி கண்ணுல படும். இதை நான் ஜாலிக்காக மட்டும் சொல்லல. "மகாசபையை உள்மண்டபத்துல கூட்டணும்"னு விதியிலயே இடத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்காங்க. எங்க நடக்கணுமோ, அங்கேயே எழுதியிருக்கு.

தமிழ்நாட்டுல இந்த யோசனைக்கு இன்னொரு நல்ல உதாரணம் தர்மபுரிப் பக்கம் இருக்கு. அதியமான் பெருவழியில நின்ன பழைய மைல்கல். நாவற்தாவளத்துக்கு எத்தனை காதம்னு எழுதி, கீழே குழிகளாவும் வெட்டியிருக்காங்க. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒண்ணு. 29 காதம்னா ரெண்டு பெருசு, ஒன்பது சிறுசு. எழுத்து தெரியாத வண்டிக்காரரும் விரலால தடவி எண்ணிக்கலாம். அந்த இடத்துல, அந்த ஆளுக்குத் தேவையான அளவு தகவல், அந்த ஆளுக்குப் புரியற மாதிரி. இன்னைக்கு நாம டிசைன் மீட்டிங்ல பேசற அத்தனையும் ஒரு கல்லுல இருக்கு.

யாருக்கு அந்த ரிமைண்டர்?

இங்க கொஞ்சம் நிதானிக்கணும். அந்த மைல்கல் எழுத்து தெரியாதவரையும் கணக்குல எடுத்துக்கிச்சு. உத்திரமேரூர்ச் சுவர் அப்படி இல்ல. அது யாருக்காக எழுதினது? நிலம் இருக்கற, வேதம் படிச்ச, பிராமண ஆண்களுக்காக. பெண்களுக்கு அதுல இடம் இல்ல. அந்த வயல்ல இறங்கி உழுதவங்களுக்கும் இடம் இல்ல. அதனால "அன்னைக்கே எல்லாருக்கும் ஓட்டு இருந்தது"ன்னு யாராவது சொன்னா, கல்வெட்டே அதுக்கு எதிரா சாட்சி சொல்லும். குலுக்கல், பதவிக்கால வரம்பு, கணக்கு இதெல்லாம் அசத்தலான யோசனை. ஆனா அந்த யோசனை ஒரு வட்டத்துக்குள்ளதான் சுத்திச்சு.

வட்டத்துக்கு வெளிய இருந்தவங்களுக்கு ஊர்ச் செய்தி எப்படிப் போச்சு? நம்ம ஊர்கள்ல நெடுங்காலமா இருந்த வழி பறையும் தமுக்கும். "இதனால் சகலமானவர்களுக்கும்"னு தண்டோரா போடறது. சினிமாவுல காமெடியா பார்த்திருப்பீங்க. நிஜத்துல, அந்த வேலையைச் சாதி பார்த்து ஒரு சமூகத்து மேலயே சுமத்தியிருந்தாங்க. தெருத்தெருவா நடந்து ஊருக்கே ஞாபகப்படுத்தினவருக்கு, ஊர்க்கூட்டத்துல உட்கார உரிமை இல்லாம இருந்தது. ஒரு மனுஷனையே நோட்டிஃபிகேஷன் ஆக்கி வெச்சிருந்தாங்க. 2022 ஆகஸ்ட்லதான் தமிழ்நாடு அரசு தண்டோரா முறையை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிச்சு. இனிமே ஒலிபெருக்கியை வண்டியில கட்டி அறிவிச்சா போதும்னு.

ரிமைண்டர்னா வெறும் வசதின்னு நினைக்கறோம். யார் நினைவுபடுத்தணும், யாருக்கு நினைவுபடுத்தணும், யார் செலவுல நினைவுபடுத்தணும்னு ஒவ்வொரு காலத்துலயும் யாரோ முடிவு பண்ணியிருக்காங்க.

ஏரி மறக்காது

ஏரி வாரியத்துக்கு 6 பேர்னு சொன்னேன் இல்லையா. அவங்க பார்த்துக்கிட்ட ஏரிக்குப் பேர் வைரமேக தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகள்ல, அதாவது 9ஆம் நூற்றாண்டுலயே, இந்த ஏரியோட பேச்சு வருது. ஏரியில மண்ணை அள்ளிக் கரையில போட ஏற்பாடு. அதுக்காகவே ஒதுக்கின வருமானம்.

இந்த ஏற்பாட்டுல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. நிலமோ பொன்னோ முதலா கொடுத்துடுவாங்க. அதுல வர்ற வருமானத்துல வருஷா வருஷம் தூர் வாரணும். இதை ரிப்பீட் ஆகற ரிமைண்டர்னு வெச்சுக்கோங்க. கூடவே அதைச் செய்யக் காசும் வந்துடுது. நம்ம ஃபோன்ல "டேங்க் கிளீன் பண்ணு"ன்னு மாசா மாசம் வரும், நாம மாசா மாசம் தள்ளி வைப்போம். காசும் ஆளும் இல்லாத ரிமைண்டர் குற்ற உணர்ச்சியைத்தான் வளர்க்கும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரி மாவட்டம்னே பேர் வாங்கின பகுதி. ஏரி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா இந்த எபிசோடோட பாதி புரிஞ்சிடும். ஒரு ஏரிக்கு ரெண்டு வாசல். ஒண்ணு மதகு, வயலுக்குத் தண்ணி விடறது. இன்னொண்ணு கலங்கல், நிரம்பினா உபரித் தண்ணி வழியறது. கலங்கல் வழியா வழிஞ்ச தண்ணி கால்வாய்ல ஓடி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஒரு ஏரி நிரம்பின செய்தி அடுத்த ஏரிக்குத் தண்ணியாவே போய்ச் சேரும்.

கலங்கல் மேல வரிசையா கல்லு நட்டிருப்பாங்க. மழைக்காலக் கடைசியில அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல மண்ணும் புல்லும் வெச்சு அடைச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி தேங்கும். அடைக்கிறது எப்போ, எடுக்கிறது எப்போங்கறதுதான் சூட்சுமம். சீக்கிரம் அடைச்சு, பின்னாடி பெருமழை வந்தா கரை உடையும். தாமதமா அடைச்சா தண்ணி போயிடும், கோடையில பயிர் காயும். இதைக் காலண்டர் பார்த்துச் செய்ய முடியாது. அங்க போய் நின்னு, தண்ணி எந்தக் கல்லு வரைக்கும் ஏறியிருக்குன்னு பார்க்கணும். அதுக்குன்னே ஊருக்கு ஒரு ஆள். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன்னு இடத்துக்கு இடம் பேர் மாறும். முட்டாளைத் திட்டற சொல்லா நாம இன்னைக்குப் பயன்படுத்தற "மடையன்" மடையைத் திறந்து மூடின ஆளோட தொழில்பேராவும் இருந்திருக்கு.

தூர் வார, கரை கட்ட ஊரே இறங்கறதுக்குக் குடிமராமத்துன்னு பேர். பிரிட்டிஷ் காலத்துல நிலவரி முறை மாறி, ஊர்ப் பொது வருமானம் போயிடுச்சு. வேலை மட்டும் செய்யணும்னு எதிர்பார்த்தாங்க. ஆள் வரல. 1858ல வராதவங்களைக் கட்டாயப்படுத்த மெட்ராஸ்ல ஒரு சட்டமே போட்டாங்க. காசையும் பொறுப்பையும் எடுத்துட்டு ஞாபகத்தை மட்டும் சட்டத்தால வரவைக்க முடியுமா? ஏரிகள் மெல்ல மெல்ல அரசாங்கத்தோடதாகிடுச்சு. இன்னைக்கும் 40 ஹெக்டேருக்கு மேல பாசனம் இருக்கற ஏரி நீர்வளத் துறைகிட்ட, அதுக்குக் கீழ இருக்கறது ஊராட்சி ஒன்றியத்துகிட்ட.

இதுல இழந்தது என்னன்னா, கலங்கல் மேல நின்னு பார்க்கற ஆளும், முடிவெடுக்கற ஆளும் வேற வேற ஆகிட்டாங்க. இடம் ஒருத்தருக்கு ஞாபகப்படுத்துது. அதிகாரம் இன்னொருத்தர் கையில இருக்கு.

ஃபோனுக்கு இடம் எப்படித் தெரிஞ்சது

இப்போ வேகமா 1990களுக்கு வந்துடுவோம். கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்களுக்கு இடம், சூழ்நிலையெல்லாம் வெச்சு ஞாபகப்படுத்தணும்னு ரொம்ப நாளா ஆசை. 2000 வாக்குல ஜார்ஜியா டெக்ல சைபர்மைண்டர்னு ஒண்ணு. அதே சமயம் எம்ஐடி மீடியா லேப்ல கம்மோஷன்னு இன்னொண்ணு. கம்மோஷன்ல ஒரு அழகான தந்திரம். கட்டடத்துக்குள்ள போனா ஜிபிஎஸ் சிக்னல் போயிடும் இல்லையா? எந்த இடத்துல மறுபடி மறுபடி சிக்னல் போகுதோ, அது உங்களுக்கு முக்கியமான இடம்னு அதுவே புரிஞ்சுக்கும். அப்புறம் "இது வீடா, ஆபீஸா?"ன்னு பேர் கேட்கும். பலவீனத்தையே சென்சாரா மாத்தினாங்க.

2000 மே மாசம் ஒரு பெரிய மாற்றம். அது வரைக்கும் அமெரிக்கா, பொதுமக்களுக்கு வர்ற ஜிபிஎஸ் சிக்னலை வேணும்னே மங்கலாக்கி வெச்சிருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தப்பு வரும். அதை நிறுத்தினாங்க. ஒரே ராத்திரியில உலகம் முழுக்கத் துல்லியம் பல மடங்கு கூடிச்சு.

2005ல பிளேஸ்-இட்ஸ்னு ஒரு ஆய்வு. நோக்கியா ஃபோன்ல, பக்கத்துல இருக்கற டவரை வெச்சு மட்டும் இடத்தைக் கண்டுபிடிச்சு ரிமைண்டர். 10 பேர், 2 வாரம். டவர் வெச்சுப் பார்த்தா துல்லியம் மோசம்தான், ஆனாலும் பயன்பட்டுது. இன்னொண்ணும் தெரிய வந்தது. மக்கள் "வீட்டுக்குப் போனதும்"னு வெச்சப்போ அவங்களுக்குத் தேவை வீடு இல்ல. வீட்டுல இருக்கற கம்ப்யூட்டர், வீட்டுல இருக்கற ஆள், வீட்டுல கிடைக்கிற ஓய்வு. இடம்ங்கறது சூழ்நிலைக்கு ஒரு சுருக்கெழுத்து. உத்திரமேரூர் மண்டபமும் அப்படித்தான். முக்கியம் அந்த நாலு சுவர் இல்ல. சபை முழுசும் கூடியிருக்கற நிலைமை.

2011 அக்டோபர்ல ஐஓஎஸ் 5 வந்தப்போ ஆப்பிள் ரிமைண்டர்ஸ்ல இந்த வசதி சேர்ந்துச்சு. அப்போதான் சாதாரண ஆளுங்க கைக்கு வந்தது.

உள்ள நடக்கறது என்னன்னா, நீங்க குறிச்ச இடத்தைச் சுத்தி ஒரு வட்டம். அதைத்தான் ஜியோஃபென்ஸ்ங்கறோம். ஃபோன் எந்நேரமும் ஜிபிஎஸ்ஸை ஆன்ல வெச்சா பேட்டரி செத்துடும். அதனால டவரையும் பக்கத்து வைஃபையையும் வெச்சுத் தோராயமா பார்த்துக்கிட்டே இருக்கும். வட்டத்தைத் தாண்டினா தட்டி எழுப்பும். ஐஃபோன்ல ஒரு ஆப் 20 வட்டம் வைக்கலாம், ஆண்ட்ராய்ட்ல 100.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் இங்க ஒரு வித்தியாசம். டி.நகர்ல தடுக்கி விழுந்தா வைஃபை. அதனால 100, 150 மீட்டர் வட்டம் ஒழுங்கா வேலை செய்யும். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துல வைஃபை குறைவு, டவர் தூரம். அங்க பிழை சில நூறு மீட்டர்ல இருந்து சில கிலோமீட்டர் வரைக்கும் போகலாம்னு ஆண்ட்ராய்ட் ஆவணங்களே சொல்லுது. ஊருக்குப் போகும்போது வைக்கிற ரிமைண்டருக்கு வட்டத்தைப் பெருசா வைங்க. பஸ்ல ஊர் எல்லைக்கு முன்னாடியே அடிச்சாலும் பரவாயில்ல, அடிக்காமலே போறதை விட அது மேல்.

இதோட ஆயுள் எவ்வளவு? சில வருஷம் முன்னாடி கூகுள் தன்னோட அசிஸ்டன்ட் ரிமைண்டர்களை டாஸ்க்ஸுக்கு மாத்தினப்போ, இடம் வெச்சு அடிக்கிற வசதி கூட வரல. பத்து வருஷம் பழகினவங்களுக்கு ஒரு அப்டேட்ல போச்சு. சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் நிக்கணும்னு எழுதின சுவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இன்னும் நிக்குது.

எதை ஃபோன்ல வைக்கலாம், எதைச் சுவர்ல வைக்கணும்

நான் ஃபோனைக் குறை சொல்ல வரல. மாத்திரை, சார்ஜர், பட்டா நகலுக்கு அது அருமையான கருவி. இடத்தைக் குறிக்கும்போது "எங்க செய்ய முடியும்"னு யோசிச்சு வைங்க. கடை வாசல்ல அடிக்கிறதை விட, கடைக்கு ஒரு தெரு முன்னாடி அடிக்கிறது நல்லது. வண்டியைத் திருப்ப வாய்ப்பு இருக்கும். வீட்டுக்குப் போனதும்னு வைக்கிறதை விட, ஆபீஸை விட்டுக் கிளம்பினதும்னு வைக்கிறது நல்லது, வழியில கடை இருந்தா.

ஆனா ஒரு விஷயம். ஃபோன் ரிமைண்டர் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். நீங்க தள்ளி வெச்சா யாருக்கும் தெரியாது. நீங்க எங்க போறீங்கன்னு ஃபோனுக்குத் தெரியும், சில சமயம் அந்த ஆப் நடத்தறவங்களுக்கும் தெரியும். ஆனா நீங்க செஞ்சீங்களா இல்லையான்னு கேட்க ஆள் இல்ல. உத்திரமேரூர்ல இது அப்படியே தலைகீழ். சுவர் யாரையும் பின்தொடரல. ஆனா கணக்குக் கொடுக்காதவரை மொத்தச் சபையும் பார்த்துச்சு.

தனி வேலைக்கு ஃபோன் சரி. பொது வேலைக்கு? குளத்துல குப்பை கொட்டறாங்க, தெருவிளக்கு எரியல, வார்டு நிதி எங்க போச்சு. இதெல்லாம் தனித்தனி ஃபோன்ல தனித்தனியா அடிச்சு, தனித்தனியா ஸ்வைப் ஆகிப் போயிடுது.

1948 நவம்பர்ல அரசியல் நிர்ணய சபையில கிராமப் பஞ்சாயத்து பத்தி விவாதம் வந்தப்போ டி. பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் பேசினார். அப்புறம் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல நடைமுறைக்கு வந்து, கிராம சபைக்கு அரசியலமைப்புல இடம் கிடைச்சது. இன்னைக்குத் தமிழ்நாட்டுல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. வரவு செலவு அங்க வைக்கப்படணும். இதுல நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம். 18 வயசு ஆன, வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற எந்தப் பெண்ணும் எந்த ஆணும் உட்காரலாம், கேட்கலாம். பராந்தகன் காலத்துச் சுவரால செய்ய முடியாத வேலையை அந்த ஒரு வரி செஞ்சிருக்கு.

ஒரு தமாஷ், உத்திரமேரூர் இப்போ பேரூராட்சி. அதனால சுத்தி இருக்கற ஊராட்சிகள்ல கிராம சபை நடக்கும், உத்திரமேரூருக்குள்ள நடக்காது.

நகரத்துல இருக்கோமே, நமக்கு என்னன்னு கேட்காதீங்க. 2022 நவம்பர் 1ல தமிழ்நாட்டு நகரங்கள்லயும் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. உங்க வார்டுக்கும் அது உண்டு. எங்க கூடுது, எப்போ கூடுதுன்னு வார்டு அலுவலகத்துல கேளுங்க. கூடறதே இல்லன்னா, ஏன் கூடலன்னு கேளுங்க.

உங்க ஃபோன்ல இப்போ ஒரு ரிமைண்டர் போடுங்க. இடம், உங்க வார்டு அலுவலகம். விஷயம், ஒரே சொல். கணக்கு. அப்புறம் அதையே உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்லயும் போடுங்க. ஒருத்தர் ஸ்வைப் பண்ணித் தள்ளினா இன்னொருத்தர் கேட்பாங்க.

உத்திரமேரூர் போறவங்க மண்டபத்துக்குள்ள போய், சுவர் கிட்ட நின்னு, எழுத்தைத் தொடாம பாருங்க. தொட்டுத் தொட்டுத் தேய்ஞ்ச கல்வெட்டு நம்ம ஊர்கள்ல ஏராளம். அப்படியே ஏரிக்கரைக்கும் போயிட்டு வாங்க. கலங்கல் எந்தப் பக்கம்னு அங்க இருக்கற பெரியவங்ககிட்டக் கேளுங்க. சொல்லுவாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.